வேறு தெருவில் போன குரல்

சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்க்க ஆயிரம் இயந்திரம் வந்துவிட்டது. அந்தத் தெருமுனைப் பட்டறையிலும் ஒன்று இருக்கிறது, பெரிய திரையோடு. ஆனாலும் அங்கே வருகிறவர்கள் திரையை நம்பி வருவதில்லை. அலைன்மென்ட்காரரின் உள்ளங்கையை நம்பித்தான் வருகிறார்கள். அவர் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டு, பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். "இடது முன்சக்கரம். ஒரு நூல் ஆடுது," என்பார். பிறகு இயந்திரத்தில் மாட்டினால் அதுவும் மறுபேச்சு இல்லாமல் அதையே சொல்லும்.

இப்பேர்ப்பட்ட மனிதர், தன் சொந்த விஷயத்தில் மட்டும் எது ஆடுகிறது, எது நேராக நிற்கிறது என்று தெரியாமல் முப்பத்து நாலு வருஷத்தை ஓட்டிவிட்டார். ஊரில் இருக்கிற காரையெல்லாம் நேராக்கியவருக்கு இது தேவைதானா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவருக்கே சிரிப்புத்தான் வந்தது.

அவர் பாட மாட்டார். பாட மாட்டார் என்றால் முணுமுணுக்கக்கூட மாட்டார். பட்டறையில் ரேடியோ கிடையாது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது மணிக்கணக்கில் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார்; தூங்க வைக்கப் பாட்டு வேண்டும் என்றால் குழந்தையை மனைவியிடம் நீட்டிவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவார். "பாட்டுன்னா இவருக்கு ஆகாது" என்று மனைவி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். உண்மை அதற்கு நேர் எதிர்.

இருபத்திரண்டு வயதில் அவர் ஒரு பாடகர். அந்தக் காலத்தில் ஒரு வகைப் பாட்டு வந்தது. பன்னிரண்டு தந்திக் கிட்டாரை வைத்துக்கொண்டு, மேலே மேலே போகிற மெட்டுகளை மணி அடிப்பதுபோல வாசிப்பார்கள். நெற்றி முடியைக் கண் வரைக்கும் வளர்த்துக்கொண்டு, கோடு போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டதைப் பற்றியும் மழையில் குடை மறந்ததைப் பற்றியும் பாடுவார்கள். பத்திரிகைக்காரர்கள் கிண்டலாக அதற்கு 'கிணுகிணு' என்று பேர் வைத்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. நாலு வருஷம் ஓகோ என்று ஓடிவிட்டு, கீபோர்டு வந்ததும் கிணுகிணு இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

அக்காவின் கணவர்தான் கிட்டார். அத்தானிடம் நாலு தடம் தனித்தனியாகப் பதிவாகிற ஒரு டேப் மெஷினும் இருந்தது, இரண்டாம் கை. அத்தானோடு வேலை பார்த்த ஒருவர் டிரம்ஸ். மைத்துனரான இவர் பாட்டு. அக்கா வீட்டுச் சமையலறையில்தான் எல்லாம் பதிவு செய்தார்கள், ஏனென்றால் மற்ற அறையில் அம்மா படுத்திருந்தாள். முந்நூறு கேசட் போட்டார்கள். ஒன்றை ரேடியோ நிலையத்துக்கு அனுப்பினார்கள். ஒரு சாயங்காலம் வீடே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருக்க, பாட்டு ஒலித்தது. பாட்டு முடிந்ததும் நிகழ்ச்சி நடத்துகிறவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கிட்டார் பிரமாதம். பாடினவர்தான் பாவம். கிட்டார் ஒரு தெருவுல போகுது, இவர் வேற தெருவுல போறாரு."

மறுநாளிலிருந்து கூட்டாளிகள் அவரை 'வேறதெரு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாலு பேர் சிரித்தால் தானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போகிற சுபாவம் அவருக்குக் கிடையாது. கேசட்டை ஒரு முறை போட்டுக் கேட்டார். ரேடியோக்காரர் சொன்னது உண்மைதான் என்று பட்டது. குரலும் கிட்டாரும் ஒட்டவில்லை. ஒட்டாமல் போனால் குற்றம் யார் மேல்? அத்தான் பத்து வருஷமாக வாசிக்கிறவர். இவர் நேற்று வந்தவர்.

அத்தான் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "டேய், தப்பு என் பக்கம்தான்டா. கிட்டார்தான் ஆடுது. நீ நேராத்தான் நிக்கிற." மைத்துனன் மனசு நோகக் கூடாது என்று அத்தான் சமாதானம் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர் என்று நினைத்தாரே தவிர, ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. அத்தோடு வாயை மூடியவர்தான்.

அத்தான் இறந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது. இனி கதைக்கு வருவோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி இருக்கும். பட்டறை வாசலில் ஒரு பழைய வேன் வந்து நின்றது. ஒரு பையனும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். பெண் தடித்த கண்ணாடி போட்டிருந்தாள், கையில் லேப்டாப். பையனுக்கு நெற்றி முடி கண்ணை மறைத்தது. கோடு போட்ட சட்டை. அதைப் பார்த்ததுமே அலைன்மென்ட்காரர் ஸ்பானரைக் கீழே வைத்தார். பழைய போட்டோவிலிருந்து யாரோ எழுந்து வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

"என்ன, வண்டி ஒரு பக்கமா இழுக்குதா?" என்றார், துணியில் கையைத் துடைத்தபடி.

"வண்டி நல்லா இருக்கு சார்," என்றான் அந்த முன்முடிப் பையன். "நாங்க கிணுகிணு பேண்ட். உங்களைப் பார்க்கத்தான் வந்தோம். 'கடைசி பஸ்' பாடினது நீங்கதானே?"

அந்தப் பேரை அவர் காதால் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! முகத்தில் ஈயாடவில்லை. "யாரு சொன்னது?"

"கேசட் அட்டையில கடிதம் எழுத ஒரு முகவரி இருந்துச்சு சார். எழுதிப் பார்த்தோம். உங்க அக்கா பதில் போட்டாங்க. அலமாரியில இருந்த பழைய டேப்பையும் குடுத்தாங்க." முன்முடிக்கு மூச்சு வாங்கியது. "சார், இப்போ எங்க வயசுல கிணுகிணு வாசிக்கிற பேண்ட் மட்டும் நாற்பது இருக்கு. எல்லாருக்கும் உங்க பாட்டுதான் பாடப்புத்தகம். ஆனா உங்களை மாதிரிப் பாட ஒருத்தராலயும் முடியல. எப்படிப் பாடினீங்கன்னு கேட்டுட்டுப் போகலாம்னு..."

அவ்வளவுதான். அலைன்மென்ட்காரருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "என்னை மாதிரியா? கிண்டல் பண்றதுக்குன்னு வேன் எடுத்துட்டு வந்தீங்களா? இருக்கிற ஊருல எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு, நீங்கதான் பாக்கி. போங்க, போய் வேலையைப் பாருங்க."

முன்முடி நிஜமாகவே பயந்துபோய் இரண்டு அடி பின்னால் போனான். கண்ணாடிப் பெண் நகரவில்லை. அவள் பாட்டுக்கு அடுக்கி வைத்திருந்த டயர்கள் மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள்.

"சார், திட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இதைப் பாருங்க. டேப்புல நாலு தடம். முதல் மூணும் கிட்டார், டிரம்ஸ். இது அதோட சுருதி." திரையில் ஒரு கோடு ஓடியது. ஓடியது என்று சொல்வதைவிடத் தள்ளாடியது என்று சொல்ல வேண்டும். மேலே போய்க் கீழே வந்து, மறுபடியும் மேலே போனது. "இது நாலாவது தடம். நீங்க."

இரண்டாவது கோடு வந்தது. அடிக்கோல் வைத்துக் கிழித்த மாதிரி இருந்தது.

வேறு யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். ஆனால் நாள் பூராவும் திரையில் கோடுகளைப் பார்த்து எது நேர், எது கோணல் என்று சொல்கிறவர் அவர். கோட்டிடம் அவருக்கு வாதம் கிடையாது. கிட்டே போனார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது என்னோடதா?"

"ஆமா சார். அந்த ரெக்கார்டுலயே ஆடாம இருக்கிற ஒரே விஷயம் உங்க குரல்தான். அந்தக் கிட்டார் ஆட்டத்துக்காகத்தான் நாங்க எல்லாரும் உயிரை விடுறோம். ஆனா கிட்டார் ஆடினா பாடுறவங்களும் கூடவே ஆடிடுறோம். இவன் ரெண்டு மாசமா முயற்சி பண்றான். நீங்க மட்டும் எப்படி நின்னீங்க?"

"தெரியாதும்மா," என்றார். நிஜமாகவே தெரியாது. "நான் ஆடினேன்னுதான் இத்தனை நாளும் நினைச்சுட்டு இருந்தேன்."

கண்ணாடிப் பெண் ஹெட்போனை நீட்டினாள். அவர் கிரீஸ் படாமல் விரல் நுனியால் வாங்கி மாட்டிக்கொண்டார். குரல் மட்டும் வந்தது. இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன், எதற்கும் பயப்படாமல் பாடிக்கொண்டிருந்தான். நல்ல குரலாக இருக்கிறதே, யார் இவன் என்று ஒரு கணம் தோன்றியது. தான்தான் என்று புரிந்ததும், சக்கரம் இல்லாமல் தூக்கி நிறுத்தியிருந்த காரைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு குரலுக்கு அடியில் இன்னொன்றைக் கேட்டார். மெல்லியதாக, விடாமல், 'உம்ம்ம்' என்று ஒரு சத்தம்.

"அது என்ன சத்தம்னு எங்களுக்குப் புரியல சார்," என்றாள் கண்ணாடிப் பெண். "உங்க தடத்துல மட்டும்தான் இருக்கு. அதுவும் உங்களை மாதிரியே நேரா..."

"ஃபிரிட்ஜ்," என்றார் அவர். "என் அக்கா வீட்டு ஃபிரிட்ஜ்மா அது."

மத்தியானமே மூன்று பேரும் அக்கா வீட்டில் இருந்தார்கள். பட்டறையை வேலை நாளில் அவர் பூட்டியது அதுதான் முதல் தடவை. அக்காவுக்கு அறுபத்தாறு வயது. சிறிய சமையலறை, ஜன்னலோரம் ஒரு மேஜை, நாலு நாற்காலி, மூலையில் அதே ஃபிரிட்ஜ், மூலைகள் மழுங்கி, கதவில் பெயின்ட் உரிந்து. அத்தான் வாங்கிப் போட்டது. மகன் புதுசு வாங்கித் தருகிறேன் என்று வருஷா வருஷம் சொல்கிறான். "இது பாட்டுக்கு ஓடுது, அதை ஏன்டா துரத்துற?" என்பாள் அக்கா.

"இவங்க கடிதம் போட்டதை ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பட்டறையைப் பூட்டிட்டு எங்கயாவது ஓடியிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா?" அக்கா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "உட்காருங்க. ஆன்ட்டின்னு கூப்பிடக் கூடாது, முன்னாடியே சொல்லிட்டேன். அக்கான்னு கூப்பிடுங்க."

முன்முடிக்குப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. அவர்கள் உலகத்தில் அது தீராத சண்டை. கிட்டார் அப்படி ஆடுவதற்கு அந்தக் காலத்தில் என்ன கருவி பயன்படுத்தினார்கள் என்று நாலு கட்சி இருக்கிறதாம். இவன் மட்டும் கிட்டார் சத்தத்தை மாற்றுகிற பெடல் ஆறு வாங்கிப் பார்த்துவிட்டானாம். ஆட்டம் வந்ததே தவிர, ஒன்றிலும் அச்சு அசலாக வரவில்லை.

அக்கா சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. "கருவியா? அது என் சாப்பாட்டு டப்பா ரப்பர் பேண்ட்!"

"என்னது?"

"டேப் மெஷினுக்குள்ள ஒரு பெல்ட் இருக்குமே, அது அறுந்துபோச்சு. ஞாயித்துக்கிழமை, கடை கிடையாது. உங்க அண்ணன்" — அத்தானைத்தான் சொன்னாள், அக்கா என்றால் அவர் அண்ணன்தானே — "என் டப்பாவுல இருந்து ரப்பர் பேண்டைக் கழட்டி உள்ள மாட்டிட்டாரு. அதை வச்சுக்கிட்டே கிட்டாரை முடிச்சாங்க. அது நீளும், சுருங்கும், டேப்பும் ஒரே வேகத்துல ஓடாது. திங்கக்கிழமை நான் வேலைக்குப் போகும்போது டப்பா திறந்துக்கிட்டுப் பையெல்லாம் குழம்பு. சாயங்காலம் வந்து ஒரு கத்து கத்தினேன். ரப்பர் பேண்டைக் கழட்டிக் குடுத்துட்டு நல்ல பெல்ட் வாங்கி மாட்டினாரு. அதுக்கப்புறம்தான் இவன் பாடினது."

 மூலையில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. முன்முடி தலையில் கை வைத்துக்கொண்டான். "ஆறு பெடல்," என்றான் மெதுவாக.

"அப்போ ஃபிரிட்ஜை ஏன் அணைக்கல அக்கா?" என்று கேட்டாள் கண்ணாடிப் பெண். "பதிவு பண்ணும்போது எல்லாரும் முதல்ல அணைக்கிறது அதைத்தானே?"

"அணைக்கணும்னுதான் அவரும் நின்னாரு. நான் விடல. அம்மாவோட இன்சுலின் உள்ள இருந்துச்சு. பாட்டா, மருந்தான்னு கேட்டேன். அப்பவும் எனக்கு நம்பிக்கை இல்ல. நான் அந்தப் பக்கம் போனா இவங்க பிளக்கைப் பிடுங்கிடுவாங்கன்னு, இவன் பாடப் பாட பக்கத்துலயே நின்னுக்கிட்டு, சும்மா சும்மா கதவைத் திறந்து மருந்து சில்லுன்னு இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டு இருந்தேன்."

"டப்புனு ரெண்டு தடவை ஒரு சத்தம் கேக்குமே..."

"கதவைச் சாத்தியிருப்பேன்."

கண்ணாடிப் பெண் முன்முடியைப் பார்த்தாள். முன்முடி ஃபிரிட்ஜைப் பார்த்தான். "அதை டிரம்ஸ்னு நினைச்சு நாங்க அதே இடத்துல அடிக்கிறோம் அக்கா," என்றான். "நாற்பது பேண்டும் அடிக்குது."

அலைன்மென்ட்காரருக்கு இப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ஹெட்போனில் ஒரு காது வேலை செய்யவில்லை. இடது காதில் கிட்டார் நெளிந்தது. வலது காது சும்மா இருந்தது. இருபத்திரண்டு வயதுப் பையனின் மூளை, அவனுக்கே சொல்லாமல், சும்மா இருந்த காதில் கேட்ட ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொள்வது மாதிரி.

முன்முடியை அங்கேயே நிறுத்திச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு காதில் கிட்டார், மறு காதில் ஃபிரிட்ஜ். கண்ணாடிப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு முதலில் தத்தளித்தது, பிறகு மெல்ல மெல்ல நேரானது. இரண்டு மாதமாக வராதது ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. பையன் துள்ளிக் குதித்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்போ ரப்பர் பேண்டும் என்னோடது, ஃபிரிட்ஜும் என்னோடது, டப்பும் என்னோடது," என்றாள் அக்கா. "கேசட்டுல என் பேரையே போடல பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் முன்முடி சொன்னான். "சார், அடுத்த மாசம் முதல் ஞாயிறு ஒரு நிகழ்ச்சி. எங்களை மாதிரி எட்டு பேண்ட். கடைசிப் பாட்டு இதுதான். இதை நான் பாடுறதைவிட..."

"முடியாது," என்றார் அவர், பையன் முடிப்பதற்குள்.

"சார், ஒரே ஒரு பாட்டு."

"நீதான் இப்போ நல்லாப் பாடுறியே. பாடு. எனக்கு ஐம்பத்தாறு வயசு. முப்பத்து நாலு வருஷமா வாயைத் திறக்கல. அந்தத் திரையில இருக்கிற பையன் வேற, நான் வேற. ஏதோ நேரா நின்னேன்னு இன்னைக்குத் தெரிஞ்சுது, அது போதும். மேடையில ஏறி அதையும் கெடுத்துக்க மாட்டேன்."

அதுதான் அவருடைய பயம். இத்தனை வருஷம் கழித்துக் கைக்கு வந்திருக்கிற ஒரே நல்ல விஷயம். ஒரு தடவை பாடிப் பிசகினால், ரேடியோக்காரர் சொன்னது கடைசியில் உண்மை என்று ஆகிவிடும். பிறகு எந்தக் கோடும் காப்பாற்றாது.

பிள்ளைகள் வற்புறுத்தவில்லை. வேனில் காத்திருக்கிறோம் என்று வெளியே போனார்கள். அக்கா கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"ஆஸ்பத்திரியில கடைசி வாரம்கூட அவரு உன்னைப் பத்திதான் பேசினாரு, தெரியுமா?"

"என்ன பேசினாரு?"

"'உன் தம்பி நான் சமாதானம் சொல்றேன்னு நினைச்சுட்டான். நான் உண்மையைத்தான் சொன்னேன். நல்லவனா இருந்தது தப்பாப் போச்சு. கொஞ்சம் கெட்டவனா இருந்திருந்தா நம்பியிருப்பான்'னாரு."

அலைன்மென்ட்காரர் மேஜையில் தலை கவிழ்ந்து அழுதார். அக்கா தடுக்கவில்லை, குழாயை மட்டும் நிறுத்தினாள். அத்தான் இருந்தபோது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "சரி அத்தான், நம்புறேன்" என்று சொல்லியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டார். அந்த மனிதரிடம் நன்றி சொல்ல இனி ஒரு வழிதான் இருக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஃபிரிட்ஜ் இல்லாம என்னால முடியாதுக்கா."

"இல்லாம ஏன்டா? எடுத்துட்டுப் போ. நானும் கூட வருவேன், அது வேற விஷயம்."

அந்த ஒரு மாதம் வேலை முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போனார். முதல் வாரம் தொண்டையிலிருந்து வந்தது துருப்பிடித்த கதவுச் சத்தம்தான். இரண்டாவது வாரம் காற்று வந்தது. மூன்றாவது வாரம், ஃபிரிட்ஜ் ஓடும்போது குரல் நின்றது. மோட்டார் ஓய்ந்ததும் பயத்தில் இவரும் நிறுத்திவிடுவார். அக்கா எழுந்து கதவைத் திறந்து வைப்பாள். உள்ளே சூடேறி மோட்டார் மறுபடி கிளம்பும். இவரும் கிளம்புவார். மனைவியிடம் "அக்காவுக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லி வைத்திருந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். மூன்றாம் நாளே மனைவி அக்காவுக்கு போன் போட்டுவிட்டாள். தெரிந்தும் தெரியாதவள் போல இருந்தாள். அதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று பின்னால்தான் அவருக்கு உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேனில் ஃபிரிட்ஜை நிமிர்த்தி வைத்துக் கட்டி, நாலு பேர் பிடித்துக்கொள்ள, அக்கா முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "பள்ளத்துல மெதுவா," என்று வழியெல்லாம் ஓட்டுகிறவனைப் பிடுங்கி எடுத்துவிட்டாள். மண்டபத்தில் இறக்கி ஒரு மணி நேரம் அப்படியே நிற்க விட்டுத்தான் பிளக்கைச் செருகினார்கள். சும்மா காலியாக ஓடக் கூடாது என்று அக்கா உள்ளே இரண்டு தண்ணீர் பாட்டில் வைத்தாள். கண்ணாடிப் பெண் ஃபிரிட்ஜின் பின்னால் ஒரு சின்ன மைக்கை ஒட்டி, அந்தச் சத்தம் அவருடைய வலது காதுக்கு மட்டும் போகிற மாதிரி செய்தாள். வாசலில் ஒட்டியிருந்த தாளில் எல்லோருடைய பேருக்கும் கீழே ஒரு வரி இருந்தது: 'ரப்பர் பேண்ட், ஃபிரிட்ஜ், டப்: அக்கா'. அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஒரு ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இருநூறு பேர் இருப்பார்கள். சாயங்காலம் ஐந்து மணி வெயில் ஜன்னல் வழியாக வந்து, கண்ணை மறைத்த நெற்றி முடிகள் மேலும் கோடு போட்ட சட்டைகள் மேலும் விழுந்தது. ஏழு பேண்ட் வாசித்து முடித்தன. எல்லாப் பாட்டிலும் கிட்டார் நெளிந்தது. அத்தனை பிள்ளைகளும் அக்காவின் ரப்பர் பேண்டை வாசிக்கிறார்கள் என்று மேடை ஓரத்தில் நின்றவருக்குத் தோன்றியதும், நடுக்கத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது. இரண்டாவது வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள்.

அவர் மேடையேறி ஃபிரிட்ஜ் மேல் இடது கையை வைத்துக்கொண்டு நின்றார். சக்கரத்தின் மேல் வைப்பது போலவேதான் வைத்தார். அக்கா ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்முடி பன்னிரண்டு தந்திக் கிட்டாரைத் தொட்டான். மணிகள் தள்ளாடிக்கொண்டு கிளம்பின. வலது காதில் 'உம்ம்ம்' என்று கேட்டது.

வாயைத் திறந்தார். குரல் வந்தது. பழைய குரல் இல்லை. அடியில் கொஞ்சம் மணல் சேர்ந்திருந்தது. ஆனால் நின்றது. கிட்டார் எப்படி எப்படியோ நெளிய, அவர் நடுவில் நேராகப் போனார். இரண்டாவது அடியில் கூட்டமே சேர்ந்து பாட ஆரம்பித்தது. தான் எழுதிய வார்த்தைகள், கட்டிலுக்கு அடியில் கேசட்டாகக் கிடந்த வார்த்தைகள், இருநூறு வாயிலிருந்து திரும்பி வந்தன. எந்த இடத்தில் அக்கா கதவைச் சாத்தினாளோ அந்த இடத்தில் டிரம்ஸ் 'டப்' என்றது. இந்தப் பிள்ளைகள் எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவருக்கு மனசு நிறைந்துபோனது. ஒரு தப்பைக்கூட விடாமல் எடுத்து வைத்துக்கொண்டு, அதைத் தன்னிடமே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் யாருக்கு, எப்படி நன்றி சொல்வது?

கடைசி அடி. டிரம்ஸ் நின்று, ஒரு கிட்டாரும் குரலும் மட்டும் இருக்கிற இடம். அப்போது அவர் உள்ளங்கைக்குக் கீழே ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுங்கி ஓய்ந்தது. வலது காது காலியாகிவிட்டது.

கதவை யாரும் திறக்காததால் உள்ளே குளிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அவருக்குக் காலடியில் தரை போனது மாதிரி இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். அக்கா அதற்குள் எழுந்துவிட்டாள். அவள் கை ஃபிரிட்ஜின் கைப்பிடியில் இருந்தது. திறப்பதற்கு இழுக்கப் போனவள், தலையைச் சாய்த்து ஒரு நொடி கேட்டாள்.

குரல் நின்றுகொண்டுதான் இருந்தது.

அக்கா கைப்பிடியை விட்டுவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டு தம்பியைப் பார்த்தபடி நின்றாள். அவரும் அவளைப் பார்த்தபடியே அந்த அடியைப் பாடி முடித்தார்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. மகள் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள். மனைவி கைதட்டவில்லை; இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிப் பெண் மேடை ஓரத்திலிருந்து லேப்டாப்பை உயர்த்திக் காட்டினாள். தூரத்திலிருந்து பார்த்தும் அந்தக் கோடு அவருக்குத் தெரிந்தது. "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று கூட்டம் விடவில்லை. முன்முடி கிட்டாரை எடுத்துக்கொண்டு அவரைக் கேள்வியாகப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து ஃபிரிட்ஜ் தானாகவே 'உம்ம்ம்' என்று கிளம்பியது. அவருடைய கை பழக்கத்தில் அதன் மேல் போனது.

அன்றைக்கு அத்தான் கெஞ்சியும் பிளக்கைத் தொட விடாத அக்கா, இப்போது தானே குனிந்து அதைப் பிடுங்கினாள்.

"உள்ள மருந்து எதுவும் இல்லடா," என்றாள். "நீ பாடு."